நடுங்காத கை

வகுப்புத் தோழர்களுக்கு,

இப்போது எங்கள் எல்லோருக்கும் முழங்கால் நோகிறது, நித்திரை வருவதில்லை. அதனால் ஒவ்வொருவராக மௌனத்தில் இறங்கியிருக்கிறீர்கள். ஒருத்தி பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டு வந்து, அதைப் பற்றிப் பதினைந்து நாள் பேசினாள். இன்னொருவர் எங்கள் குழுவில் ஒவ்வொரு விடியலிலும் ஒரு குரல்பதிவு போடுகிறார்: கண்ணை மூடுங்கள், வலது காலின் பெருவிரலைக் கவனியுங்கள், அங்கே என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். நான் மட்டும் ஏன் அதற்கு ஒரு பூப்படம்கூடப் போடுவதில்லை என்று போன கிழமை கேட்டீர்கள். சொல்கிறேன். நீளமாகத்தான் வரும். ஆசிரியை கேள்வியை முடிக்குமுன் கையைத் தூக்குகிறவள் நான். சுருக்கிச் சொல்ல எனக்கு எப்போது வந்தது?

அந்தப் பெருவிரல் வித்தையைப் பத்து வயதில் நானே கண்டுபிடித்தேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அந்த வருடம் பங்குனி வெயிலோடு எனக்குக் கொப்புளிப்பான் வந்தது. "அம்மாள் வந்திருக்கிறா" என்று அம்மா உள்ளறையில் வெள்ளைத் துணி விரித்து, வேப்பிலை பரப்பி என்னைக் கிடத்தினார். வாசலில் ஒரு கொத்து வேப்பிலை. குசினியில் தாளிப்பு நின்றது. வானொலி நின்றது. சத்தம் போட்டுக் கதைக்கக் கூடாது, வந்தவர்கள் படலையோடு திரும்ப வேண்டும். அம்மா முன்னறையில் சட்டை தைக்கிற மெஷினைக்கூடத் துணியால் மூடிவைத்தார். அன்புவழிபுரம் முழுக்கச் சண்டையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீடு மட்டும் வாயை மூடிக்கொண்டு கிடந்தது.

ஓரிடத்தில் இருக்கத் தெரியாத பிள்ளைக்கு அது எப்படியிருக்கும்? அரிப்பு வேறு. "சொறிஞ்சியெண்டால் தழும்பு விழும். பிறகு கண்ணாடியைப் பாத்து அழுவாய்" என்று அம்மா மெதுவாகச் சொல்லிவிட்டு, தடவிக்கொள்ள ஒரு வேப்பங்குழை தந்தார். அது போதவில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, இடது புருவ ஓரத்தில் ஒரு கொப்புளம் தன் வேலையைத் தொடங்கியபோது, எனக்குக் கோபம் வந்தது. சரி, நீ எவ்வளவு தூரம்தான் போகிறாய் பார்ப்போம் என்று கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு பார்த்தேன். முதலில் எறும்பு நடந்தது. பிறகு ஊசி நுனி. பிறகு அந்த இடம் முழுக்கச் சூடாகி, இனி ஏலாது என்கிற இடத்துக்கு வந்து, அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு போய்விட்டது. நான் சொறியவில்லை, ஒருவரும் தடவவில்லை. அதுவாகவே போய்விட்டது.

உலகத்தில் பெரிய இரகசியம் ஒன்று என்னிடம் அகப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். அடுத்த நாட்களில் உடம்பு முழுக்கத் தேடித் திரிந்தேன். மூச்சு போகும்போது மூக்கு நுனி குளிரும், வரும்போது சுடும். தலையணையில் காதை அமத்தினால் இருதயம் கேட்கும். முதுகில் ஒவ்வொரு வேப்பங்காம்பும் தனித்தனியாக எங்கே குத்துகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவேன். உங்கள் குரல்பதிவுக்காரர் சொல்லுகிற அந்த அமைதி உண்மைதான். நான் அதை வேப்பிலை மணத்தோடு அறிவேன்.

தலைக்குத் தண்ணீர் வார்த்து அறையை விட்டு வந்த பிறகும் நான் அதை விடவில்லை. துறைமுகப் பக்கத்து முகாமிலிருந்து பீரங்கி சுட்டால் எங்கள் கூரைக்கு மேலால்தான் குண்டு மேற்குக் காட்டுக்குப் போகும். முதலில் நிலத்துக்குள் ஓர் அடி. பிறகு ஓடுகள் ஒன்றோடொன்று பல் கடிக்கும். பிறகு மேலே துணி கிழிகிற சத்தம். விழுந்த சத்தம் சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. குசினிக்கும் அறைக்கும் நடுவிலிருந்த ஒடுங்கிய நடையில் அம்மாவும் அண்ணனும் நானும் குந்தியிருப்போம். முன்பெல்லாம் நான் அம்மாவின் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருப்பேன். இந்த முறை பயத்தைத் தேடிப் பார்த்தேன். தொண்டைக்குக் கீழே ஒரு கல்லாக இருந்தது. முழங்காலுக்குப் பின்னால் வேர்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுவும் அரிப்பைப் போலவே ஏறி, நின்று, இறங்கியது. பீரங்கி நிற்கவில்லை, பயம் நின்றது.

"என்ன செய்யிறாய்?" என்று அண்ணன் காதுக்குள் கேட்டான்.

"பாத்துக்கொண்டிருக்கிறன்."

"கண்ணை மூடிக்கொண்டோ?"

"ஓம்."

"விசர்," என்றான். அவனுடைய கை என் தோளில் இருந்தது. அது உதறிய உதறலில் என் தோளும் சேர்ந்து ஆடியது.

அண்ணனுக்கு அப்போது பதினாறு. புதிதாக அடையாள அட்டை எடுத்திருந்தான்; ஐசி என்போம். ரவுணுக்கு ரியூசனுக்குப் போகிற வழியில் ஒரு சென்றி: தார் பீப்பா, மண்மூட்டை, அதற்குப் பின்னால் துவக்குகள். சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு, வரிசையில் போய் அட்டையை நீட்ட வேண்டும். நீட்டும்போது அவனுடைய கை நடுங்கும். கொஞ்சமல்ல, அட்டை காற்றில் பிடித்த இலை மாதிரி அடிக்கும். ஒருநாள் அது ஆமிக்காரனின் சப்பாத்தில் விழுந்தது. அவன் கன்னத்தைப் பொத்தி ஓர் அறை விட்டான். அங்கே வழக்கமாக நிற்கிற இன்னொரு ஆமிக்காரனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அண்ணனைக் கண்டால், எரிகிற வெயிலில், "தம்பி, குளிர்?" என்று கேட்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். வரிசையில் நிற்கும் பெண்பிள்ளைகளும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். சிரித்துவிட்டு, "போ, போ" என்று விட்டுவிடுவார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் அவனை ஒவ்வொரு நாளும் சென்றியைத் தாண்ட விட்டது என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

"எனக்குச் சொல்லித் தாறியோ?" என்று ஒருநாள் கேட்டான். அதைக் கேட்க அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். "அம்மாவுக்குச் சொன்னியெண்டால் செத்தாலும் உன்னோட கதைக்க மாட்டன்."

சத்தியம் பண்ணினேன். எனக்கு வேறு என்ன வேண்டும்? பள்ளிக்கூடத்தில் முதல் மூன்றுக்குள் வருகிற அண்ணன், என்னிடம் படிக்க வந்திருக்கிறான்.

கிணற்றடிக்குப் பின்னால், முருங்கை நிழலில், உடுப்புத் தோய்க்கிற கல் ஒன்று அகலமாகக் கிடந்தது. மத்தியானம் சாப்பாடு முடிந்து அம்மா மெஷினில் இருக்கிற நேரம் எங்கள் வகுப்பு. மெஷின் ஓடும்வரை அம்மா வரமாட்டார் என்பது கணக்கு.

"பெருவிரல்," என்பேன் நான்.

"இருக்கு."

"இருக்கெண்டு எனக்கும் தெரியும். அதிலை என்ன நடக்குது?"

"நகம் வளருது."

"அண்ணா."

"சரி, சரி. குளிருது. கல்லிலை படுற இடம் மட்டும்."

"அதைவிட்டு ஓடாதேங்கோ. அங்கையே நில்லுங்கோ."

கொஞ்ச நாளில் விரலிலிருந்து குதிகாலுக்கும், குதிகாலிலிருந்து முழங்காலுக்கும் வந்தோம். மாமரத்திலிருந்து ஒரு முசுறு எறும்பைப் பிடித்து அவனுடைய கணுக்காலில் விட்டேன். முதல்நாள் துள்ளி எழும்பி என்னை முறைத்தான். நாலாம் நாள் அது கடித்து முடிக்கும்வரை இருந்தான். முகம் சிவந்தது, கை அசையவில்லை. பிறகு சென்றி விளையாட்டு. நான் வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

"ஐசி."

"இந்தாங்கோ."

"ஆமிக்காரனுக்கு ஆரும் இந்தாங்கோ எண்டு சொல்லுறதே? பேசாமல் நீட்டு. நீ எங்கை போறாய்?"

"இப்ப நீ எண்டு கூப்பிடுறியோ? அண்ணனை?"

"நான் ஆமி. ஆமிக்கு அண்ணன் இல்லை. எங்கை போறாய்?"

அவன் சிரித்தான். சிரித்தால் மறுபடியும் பெருவிரலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் சட்டம்.

ஒரு மத்தியானத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இருவரும் கல்லில் இருந்தோம். நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கே அது அதிசயம். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அதைக் காதால் கேட்பதற்கு முன் கல்லால் கேட்டேன். இடுப்பெலும்பில் ஏறி வந்தது. கண்ணைத் திறந்தால், அண்ணனுடைய கை மடியில் மலர்ந்து கிடக்கிறது. உள்ளங்கையில் ஒரு முருங்கைப் பூ விழுந்திருக்கிறது. பூ அசையவே இல்லை. நெடுநேரம் கழித்து அவன் சொன்னான்: "கை எண்டு ஒண்டு இருக்கிறதே மறந்துபோச்சு." அந்த முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் காணவில்லை.

அன்றைக்கு மெஷின் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. குசினி யன்னலில் அம்மா நின்றார். எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர், உள்ளே போனார்.

இங்கே பக்கத்து வீட்டு மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய மகன் அதற்கு முதல் வருடம் இயக்கத்துக்குப் போனவன். போவதற்கு முதல்நாள் தாய்க்கு ஒரு மாதத்துக்குக் காணும் விறகைக் கொத்தி, குசினிக்குப் பின்னால் அடுக்கிவைத்துவிட்டுப் போனவன். அந்த விறகை மாமி எரிக்கவே இல்லை. அன்று பின்னேரம் அம்மாவும் மாமியும் வேலியோரம் நின்று கதைத்ததை நான் கேட்டேன்.

"சத்தமில்லையடி," என்றார் அம்மா. "முந்தி மேசையிலை குத்துவான், சாப்பாட்டிலை குறை சொல்லுவான். இப்ப வைச்சதைச் சாப்பிடுறான். கூப்பிட்டால் ஓம் அம்மா எண்டுறான்."

"கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறானோ?"

"ஓம். கிணத்தடியிலை. சின்னவளையும் பக்கத்திலை வைச்சுக்கொண்டு."

மாமி வேலிக்கு இன்னும் கிட்ட வந்தார். "என்ரையவனும் அந்தக் கிழமை என்னோட ஒரு சண்டைக்கும் வரேல்லை அக்கா. பெடி திருந்தீட்டான் எண்டு நான் சந்தோசப்பட்டனான்."

அந்த வருடங்களில் எங்கள் ஊர்த் தாய்மார் அப்படித்தான் பிள்ளைகளைப் படித்தார்கள். கத்துகிறவன் வீட்டில் இருக்கிறவன். அமைதியானவன் முடிவெடுத்துவிட்டவன். அதில் பிழை சொல்ல ஏலாது. அது பல வீடுகளில் சரியாகவே இருந்தது.

சனிக்கிழமை அப்பா வந்தார். கந்தளாயில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். சட்டையைக் கழற்றுமுன் அண்ணனைக் கூப்பிட்டார்.

"என்னடா, ஏதும் யோசிக்கிறியோ?"

"இல்லையப்பா. சும்மா இருக்கிறன்."

"சும்மா இருக்கிற வயசே உனக்கு?"

அண்ணன் நிதானமாக அவரைப் பார்த்தான். முன்பென்றால் அப்பாவின் குரலுக்கே அவனுடைய விரல்கள் ஆடும். இப்போது ஆடவில்லை. அதைக் கண்டு அப்பா எழும்பி வெளியே போனார். அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்து, "அவன் உனக்கு ஏதும் சொன்னவனோ? எங்கையும் போறதைப் பற்றி?" என்று கேட்டார். "இல்லையம்மா" என்றேன். "அப்ப அங்கை இருந்து என்ன செய்யிறியள்?" "ஒண்டுமில்லை." அதுவும் உண்மைதான். அந்த உண்மை அம்மாவின் முகத்தை என்ன செய்தது என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்: அம்மா, அவருக்குக் கை நடுங்குது, அதை நிப்பாட்டப் பாக்கிறம். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

திங்கட்கிழமை முதல் அண்ணனுடைய நல்ல காற்சட்டைகள் அலுமாரியில் பூட்டப்பட்டன. சைக்கிள் பூட்டின் திறப்பு மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் போனது. ரியூசனுக்குப் போகும் நேரம் அம்மா அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்து, "தங்கச்சியையும் ஏத்திக்கொண்டு போ. ரவுணிலை அவளுக்கும் இங்கிலீஸ் வகுப்பு" என்றார். அப்படி ஒரு வகுப்புக்கு நான் காசு கட்டியதே இல்லை. சைக்கிள் பாரில் தங்கச்சி இருந்தால் ஒருவனும் இயக்கத்தைத் தேடிக் காட்டுக்குப் போகமாட்டான் என்பது அம்மாவின் எண்ணம்.

அதனால்தான் அன்றைக்கு நானும் அங்கே நின்றேன்.

முதல்நாள் நிலாவெளி றோட்டில் ஒரு கண்ணிவெடி. எத்தனை பேர் என்று ஊருக்குள் ஒவ்வொருவர் ஒவ்வொரு கணக்குச் சொன்னார்கள். காலையில் சென்றியில் எல்லாம் புதிய முகங்கள். "தம்பி, குளிர்?" என்கிறவன் இல்லை. வரிசை நீளமாக நின்றது. எங்களுக்கு முன்னால் ஒரு தாத்தா தன் அட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் மீன்காரி ஒருத்தி, தலையில் பேசின். அவளுடைய பேசினிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, வழக்கத்தைவிட வேகமாக. அவளும் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணனின் முறை வந்தது. அவன் ஒரு மூச்சு விட்டதை நான் கேட்டேன். பெருவிரலில் இருக்கிறான், இப்போது குதிகால், இப்போது முழங்கால் என்று மனதுக்குள் அவனோடு சேர்ந்து போனேன். அட்டையை நீட்டினான். கை மரக்கிளை மாதிரி நின்றது.

நான் சிரித்தேன். இதை நான் மறைக்க விரும்பவில்லை. சோதனையில் முதலாம் பிள்ளையாக வந்த மாதிரி, வாயெல்லாம் பல்லாக, அண்ணனைப் பார்த்துச் சிரித்தேன்.

ஆமிக்காரன் சின்னப் பெடியன். அண்ணனைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். அட்டையை வாங்கிய அவனுடைய கைதான் நடுங்கியது. அவன் தன் கையைப் பார்த்தான். அண்ணனின் கையைப் பார்த்தான். பிறகு என்னுடைய சிரிப்பைப் பார்த்தான்.

"பய நெத்த?" என்றான். பயமில்லையா என்று கேட்கிறான். அந்த அளவுச் சிங்களம் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் அவனுடைய கண்ணைப் பார்த்து, "நே" என்றான். இல்லை.

உண்மையைத்தான் சொன்னான். ஆமிக்காரன் தன் உள்ளங்கையை அண்ணனின் நெஞ்சில் வைத்தான். வைத்தபடியே நின்றான். அவன் எதை எண்ணுகிறான் என்று எனக்கு விளங்கியபோதுதான் என் சிரிப்பு நின்றது. அவன் திரும்பிக் கூப்பிட, இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லித் தோளைப் பார்த்தார்கள், முழங்கைகளைப் பார்த்தார்கள். துவக்குப் பிடித்த தழும்பு தேடினார்கள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. நெஞ்சு மெதுவாக அடிக்கிற ஒரு பெடியன், கண்ணிவெடிக்கு அடுத்த நாள், வேறு யாராக இருப்பான்?

மண்மூட்டைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். சைக்கிள் என் மேல் சாய்ந்தது.

"அழு பிள்ளை," என்றாள் மீன்காரி, உதட்டை அசைக்காமல். "குழறி அழு. சின்னப்பிள்ளை அழுதால் சில நேரம் விடுவாங்கள்."

நான் அழவில்லை.

"அழு எண்டுறன்." பேசினை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் தொடையைத் தோல் உரியுமளவுக்குக் கிள்ளினாள். அது எறும்பாகத் தொடங்கி, ஊசியாகி, நெருப்பாகி, உச்சியில் நின்று, இறங்கியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. தொடங்கத்தான் கற்றிருந்தேன்.

மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு ஜீப் புறப்பட்டது.

பதினொரு நாள். அப்பா ஊர் விதானையிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு அலைந்தார். அம்மா விடிய எழும்பி முகாம் வாசலுக்குப் போய், இருட்டுப்படுமுன் வருவார். முதல்நாள் வந்து கேட்ட ஒரே கேள்வி, "நீ ஏன் பிள்ளை அழேல்லை?" மாமி அம்மாவோடு துணைக்குப் போனார். ஒரு பின்னேரம் மாமி அந்த அடுக்கிலிருந்து நாலு விறகை எடுத்து வந்து எங்கள் அடுப்பை மூட்டி, கஞ்சி காய்ச்சி வைத்தார்.

பன்னிரண்டாம் நாள் அண்ணனை விட்டார்கள். இடது காது கேட்கவில்லை. மூன்று நாள் சுவரைப் பார்த்தபடி படுத்தான். நாலாம் நாள், அம்மா சோறு குழைத்து ஊட்டும்போது, தானாகவே சொன்னான்.

"ஆர் ட்ரெயினிங் தந்தது எண்டு கேட்டவங்கள் அம்மா."

"நீ என்ன சொன்னனி?"

"தங்கச்சி எண்டு."

அம்மாவின் கை கோப்பையில் நின்றது.

"பகிடி விடுறன் எண்டு நினைச்சிட்டாங்கள்," என்றான். "அதுக்குப் பிறகுதான் கூட அடிச்சவங்கள்."

அப்போதுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கல், பெருவிரல், முசுறு, தும்புத்தடி. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் எங்களை ஏசவில்லை. காற்சட்டைகளை அலுமாரியிலிருந்து எடுத்து மடித்து அண்ணனின் கட்டிலில் வைத்தார்.

அவனுடைய கை அதற்குப் பிறகு நடுங்கவே இல்லை. பீரங்கிக்கு இல்லை, கதவு அடித்துச் சாத்தினாலும் இல்லை. அது நான் சொல்லிக் கொடுத்த அமைதியல்ல. நான் சொல்லிக் கொடுத்ததில் குளிரும் சூடும் இருந்தன, முருங்கைப் பூ விழுந்தால் தெரியும். இதில் ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் திரும்புவான், சோறு கேட்டால் போதும் என்பான். கை மேசையில் வைத்த இடத்தில் கிடக்கும்.

ஆனால் அவனுடைய பள்ளிக்கூடச் சோதனை கிட்ட வந்துகொண்டிருந்தது, ரவுணுக்குப் போகத்தான் வேண்டும், சென்றி அதே இடத்தில்தான் இருந்தது. போவதற்கு முதல்நாள் காலை அம்மா அவனை முற்றத்துக்குக் கூட்டிவந்தார். தானே அவனுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐசி," என்றார் அம்மா.

அண்ணன் நீட்டினான். அட்டை அசையாமல் நின்றது.

"நடுங்கு தம்பி."

அவன் கையைப் பார்த்தான். முயற்சி செய்தான், தோள் கொஞ்சம் குலுங்கியது. கள்ளமாக இருந்தது, எனக்கே தெரிந்தது.

"வருகுதில்லையம்மா."

"முந்தி வந்ததுதானே ராசா."

"இப்ப வருகுதில்லை."

அம்மா இன்னும் கிட்டப் போனார். தன் கையால் அவனுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். பதினொரு நாள் முகாம் வாசலில் நின்ற கை அது. பிடித்ததும் அந்தக் கையின் நடுக்கத்தில் அண்ணனின் கையும் ஆடத் தொடங்கியது, விரல் நுனிவரை, அட்டை படபடவென்று அடிக்கும்வரை.

"இப்பிடி," என்றார் அம்மா. "விளங்குதோ? இப்பிடி."